இறங்கிய கான்கிரீட் தளத்துக்கு ஃபோம்: சில ஆண்டுகள் போனபின் எது தாங்குகிறது, எது கைவிடுகிறது

இறங்கிய கான்கிரீட் தளத்தில் துளையிட்டு, அடியில் விரிந்து இறுகும் ஃபோமை ஏற்றித் தளத்தைத் தூக்குவது ஒரு முறை. அப்படித் தூக்கிய தளம் மறுபடி இறங்கினால் பழி முதலில் ஃபோம் மேல்தான் விழும். அந்த இடத்தை உடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஃபோம் போட்ட கனத்திலேயே கெட்டியாகக் கிடக்கும். அதற்கு அடியிலிருந்த மண்தான் போயிருக்கும். ஆகவே "ஃபோம் எத்தனை வருஷம் வரும்" என்று கேட்பதைவிட, தளம் முதலில் ஏன் இறங்கியது, அந்தக் காரணம் இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று கேட்பதுதான் பயன்தரும்.

இந்த வேலைக்குப் போடுவது மூடிய நுண்ணறை கொண்ட (உள்ளிருக்கும் சிறு குமிழ்கள் ஒன்றோடொன்று திறக்காத) கெட்டிப் பாலியூரித்தேன். மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும்வரை அது மக்காது, தண்ணீரில் கரையாது. வெயில்தான் அதற்கு எதிரி. தளத்தின் ஓரத்தில் பிதுங்கி வெளியே தெரியும் ஃபோம் சில மாதங்களில் மஞ்சளாகி, பழுப்பாகி, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். வேலை முடிந்த அன்றே அதைக் கான்கிரீட்டுக்கு உள்ளே 10 மி.மீ. வரை வெட்டிவிட்டு மேலே சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பூச்சு) போட வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

பளு தாங்குமா என்ற பயத்துக்கு ஒரு கணக்கு போதும். 100 மி.மீ. கனத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ. ஒரு கன மீட்டருக்கு 60 கிலோ அடர்த்தியுள்ள நல்ல ஃபோம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ அளவில் தாங்கும். சதுர மீட்டருக்கு 40 டன். தளத்தின் எடை அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த 40 டன் என்பது பொதுவாக ஃபோம் 10 சதவீதம் நசுங்கும்போது எடுக்கும் அளவு. வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் அழுத்தும் பளுவுக்கு அதில் சிறு பங்கை மட்டுமே நம்பலாம். நடைபாதைக்கும் கார் நிற்கும் தளத்துக்கும் கவலையில்லை. கனரக இயந்திரத்தின் கால் ஊன்றும் இடமென்றால் தனிக் கணக்கு வேண்டும்.

ஃபோமே கெட்டுப்போகும் சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் ஏற்றும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. ஃபோமாக மாறும் இரண்டு திரவங்களான ஐசோசயனேட், பாலியால் இரண்டும் கன்னுக்குள் (ஏற்றும் துப்பாக்கி போன்ற கருவிக்குள்) 1:1 கனஅளவில் கலக்க வேண்டும். டிரம் குளிர்ந்து கிடந்தாலோ, ஒரு பக்கத்து வடிகட்டி அடைத்தாலோ விகிதம் தவறும். ஐசோசயனேட் கூடினால் ஃபோம் மொறுமொறுவென்று உடையும். பாலியால் கூடினால் பஞ்சுபோல் மெத்தென்று இருந்து பிறகு சுருங்கும். துளைவழியே பிதுங்கி வரும் துண்டை ஒடித்துப் பாருங்கள். உள்ளே ஒரே சீரான சிறு துளைகள், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத கெட்டித்தன்மை, ஒரே நிறம் இருந்தால் கலவை சரி. பிசுபிசுப்போ பெரிய குமிழ்களோ தெரிந்தால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டும். நடுப்பகுதி கருகிப் பழுப்பாக இருந்தால், ஒரே மூச்சில் கனமாக ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஃபோம் இறுகும்போது சூடு கிளம்பும். தளத்துக்கு அடியில் உள்ள பெரிய பொக்கை (வெற்றிடத்தை) ஒரே தடவையில் நிரப்பினால் அந்தச் சூடு உள்ளே அடைபட்டு ஃபோமைக் கருக்கும், தீயே பிடிக்கலாம். அடுக்கடுக்காக, இடையில் ஆறவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

துளை 16 மி.மீ. போதும், ஒன்றுக்கொன்று 1 முதல் 1.5 மீட்டர் தள்ளி இடுவது வழக்கம். ஒவ்வொரு துளையிலும் சில வினாடி ஏற்றி, நிறுத்தி, மட்டம் பார்த்து, அடுத்ததற்கு நகர வேண்டும். கன்னை நிறுத்திய பிறகும் ஃபோம் சற்று விரியும் என்பதால் இலக்குக்கு 2, 3 மி.மீ. முன்பே கை நிற்க வேண்டும். அதிகம் தூக்கிவிட்டால் கீழே இறக்க வழி கிடையாது. சுவரோடு கம்பி கட்டி வார்த்த தளம் எழும்பாது, விரிசல்தான் விடும். முதலில் அந்த இணைப்பை அறுத்து விடுவிக்க வேண்டும். பக்கத்தில் உடைந்த வடிகால் குழாய் இருந்தால் ஃபோம் அதற்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகே தொடங்குவது நல்லது.

5க்கு 3 மீட்டர் தளம், ஒரு ஓரம் 50 மி.மீ. இறங்கி மறு ஓரம் இறங்காமல் இருக்கிறது என்றால் சராசரி 25 மி.மீ.; 0.375 கன மீட்டர்; ஃபோம் ஏறத்தாழ 23 கிலோ. அடியில் பொக்கு இருந்தால் அதற்கு மேல் ஆகும். இதன் இரண்டு, மூன்று மடங்கு ஏறியும் தளம் அசையவில்லை என்றால் ஃபோம் வேறெங்கோ ஓடுகிறது. இதே இடத்துக்கு ஃபோமுக்குப் பதில் சிமென்ட் குழம்பு ஏற்றினால் சுமார் 675 கிலோ. சதுர மீட்டருக்கு 45 கிலோ, தளத்தின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்கு. இளகிய மண்ணில் இது கூடுதல் பாரம்தான். ஆனாலும் குழம்பு போட்ட தளங்கள் மறுபடி இறங்குவதற்கு எடையை மட்டும் காரணம் சொல்வது நியாயமில்லை. அங்கேயும் தண்ணீர்தான் முக்கியக் குற்றவாளி.

மழைநீர்க் குழாய் தளத்தின் ஓரத்தில் கொட்டுகிறதா? தளத்தின் வாட்டம் (சரிவு) கட்டடத்தை நோக்கி இருக்கிறதா? ஜாயின்ட் (தளத் துண்டுகள் சேரும் இடுக்கு) திறந்து கிடக்கிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் ஏற்றிய ஃபோமுக்குக் கீழே அடுத்த மழைக்காலமே புது அரிப்பைத் தொடங்கிவிடும். மண் ஓடியபின் ஃபோம் தளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். ஒரு நாள் பளு விழுந்ததும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். திமிசு போட்டு இறுக்காமல் கொட்டிய ஆழமான நிரப்பு மண்ணும் இப்படித்தான்: அது தானாக அமர்ந்து முடியும்வரை மேலே என்ன ஏற்றினாலும் கூடவே இறங்கும். அங்கே 1 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஏற்றி மண்ணையே இறுக்கும் முறைதான் பொருந்தும். அது வேறு வேலை, வேறு கணக்கு. வெயிலில் சுருங்கி மழையில் உப்பும் களிமண்ணில் தளம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். ஃபோம் அதைத் தடுக்காது.

வேலை முடிந்த நாளில் ஜாயின்ட்டின் இருபுறமும் உள்ள உயர வித்தியாசத்தை நாலைந்து இடங்களில் அளந்து, அந்த இடங்களில் குறியிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளக்கலாம். 2, 3 மி.மீ. மாற்றம் பெரிதில்லை. அதற்கு மேல் போனால், அல்லது சுத்தியலால் தட்டும்போது முன்பு கெட்டியாகக் கேட்ட இடம் பொக்கென்று ஒலித்தால், தண்ணீர் எங்கே நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் மறுபடி ஏற்ற வேண்டும். அப்போதும் பழைய துளைகளில் ஏற்ற முடியாது, அவை அடைபட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே புதிதாகத் துளையிட வேண்டும்.