காலைக் குமட்டலும் மூக்கு கழுவும் பாட்டிலும்: சில வருட அனுபவம்

பல் தேய்க்கும்போதே ஓங்கரிப்பு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அது வெகுநாள் இருந்தது. வயிற்றுக் கோளாறு என்று எண்ணி அசிடிட்டி மாத்திரை, சீரகத் தண்ணீர், இஞ்சிச் சாறு எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் ஈ.என்.டி. டாக்டர்தான் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மூக்கின் பின்பக்கமிருந்து சளி இறங்குகிறது என்றார்.

மூக்கும், அதைச் சுற்றியுள்ள சைனஸ் என்னும் காற்றறைகளும் தினமும் ஒரு லிட்டர் அளவுக்குச் சளி சுரப்பது இயல்புதானாம். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். எனக்குத் தூசி ஒவ்வாமை. அதில் சளி கெட்டியாகி, ராத்திரி படுத்திருக்கும்போது தொண்டையில் தேங்கி உறுத்துகிறது. விழுங்கியது வெறும் வயிற்றில் கிடந்து குமட்டுகிறது.

மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயோடு, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவவும் சொன்னார். மருந்துக் கடையில் 240 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலும் உப்புப் பொட்டலங்களும் கிடைத்தன. வாஷ்பேசின் மேல் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி பாட்டிலை மெல்ல அழுத்தினால், ஒரு துவாரத்தில் போன தண்ணீர் மற்றதில் வரும். முதலில் வெறும் தண்ணீர்தான் வரும். அப்புறம் நூல் நூலாகக் கெட்டிச் சளி. அது வந்ததும் தொண்டை இளகுவது நன்றாகவே தெரியும். கழுவிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஸ்பிரே.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விளையாடவே வேண்டாம். நெக்லேரியா பவுலேரி என்ற அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரை எடுத்துவிடும். 2024இல் கேரளத்தில் பிள்ளைகள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாக ஆறிய பிறகே பாட்டிலில் ஊற்றுகிறேன். உப்பு 0.9 சதவீதம், அதாவது ஒரு பாட்டிலுக்குச் சுமார் 2 கிராம். குறைந்தால் மூக்கு எரியும். வீட்டு உப்பு மழைக்காலத்தில் ஈரம் கோத்து அளவு மாறுவதால் நான் பொட்டலத்தையே வாங்குகிறேன்.

தொல்லைகளும் உண்டு. உள்ளே தங்கிய தண்ணீர், செருப்பு மாட்டக் குனியும்போது பொலபொலவென்று கொட்டும். அதனால் வெளியே கிளம்புவதற்கு வெகு முன்னதாகவே கழுவிவிடுவேன். கழுவியதும் பலமாகச் சிந்தினால் காது அடைக்கும். மூக்கு முழுக்க அடைத்திருக்கும் நாளில் அழுத்தவே கூடாது. பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைக்காவிட்டால் உள்ளே வழவழப்பு படியும். சில மாதத்துக்கொரு முறை மாற்றிவிடுகிறேன்.

பலன்? சில வாரங்களில் ஓங்கரிப்பு வெகுவாகக் குறைந்தது. இப்போது காலையில் இட்லி நிம்மதியாக இறங்குகிறது. போகிப் புகையிலும் ஒட்டடை அடிக்கும் நாளிலும் மட்டும் திரும்ப வரும்.

எல்லோருக்கும் இதே காரணம் இருக்காது. என் அண்ணிக்கும் தொண்டையில் சளியும் குமட்டலும் இருந்தன. ஆனால் பாட்டில் பயன்படவே இல்லை. அவருக்கு இருந்தது எதுக்களிப்பு, அதாவது வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறி வருவது. இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திய பிறகுதான் அவருக்குத் தேவலையானது.