பன்னிரண்டு இலக்க கால்குலேட்டர், 641ஆல் வகுத்துப் பார்த்தபோது

சேலத்தில், முதல் அக்ரகாரம் என்ற இடத்தில் ஒரு ஸ்டேஷனரி கடையில் வாங்கினேன், பில் கூட்டத்தான், ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதலில் அடித்தது 4294967297. இரண்டின் 32ஆம் அடுக்கோடு ஒன்று கூட்டினால் வருவது. பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பியதை 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் உடைத்தார். இதன் வகுத்திகள் எல்லாமே 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும், அதனால் அப்படிப்பட்ட பகா எண்களாக 193, 257, 449, 577 என்று வகுத்தால் தசமம் நீண்டுகொண்டே போகிறது, ஐந்தாவதாக 641 போட்டதும் 6700417 என்று சுத்தமாக வந்து நின்றது, அடடா! பழைய எட்டு இலக்க மெஷினில் இந்த எண்ணை அடிக்கவே இடம் பத்தாது. குறை என்றால் ஏழாம் பட்டன்தான், ஒரே அமுக்கில் சில சமயம் இரண்டு தடவை விழுகிறது (இந்த எண்ணில் இரண்டு ஏழு வேறு). மாற்றித் தர முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.