முதல் பாம்பாக ஒரு கார்ன் பாம்பு: ஏழு ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் எங்கள் வீட்டுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் வந்தபோது பென்சில் பருமனில், ஒரு முழத்துக்கும் குறைவாக இருந்த கார்ன் பாம்பு, இப்போது ஏறத்தாழ நாலடி நீளம் வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இந்த இனம் நம்மூர்ச் சாரையைப் போலவே நஞ்சற்றது. ஆனால் சாரை உள்ளிட்ட நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், அவற்றை இதற்கு மாற்றாக எவரும் எண்ண வேண்டாம்.

முதலில் நான் விரும்பியது மேற்கு ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்பைத்தான். நண்பர் வளர்த்த அத்தகைய பாம்பு ஒரு குளிர்காலம் முழுவதும் இரையைத் தொடவே இல்லை. நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பாம்புக்கு அது பெரும்பாலும் ஆபத்தில்லை என்றாலும், வாரந்தோறும் அதைத் தராசில் வைத்து அவர் பட்ட கவலையைக் கண்டு என் முடிவை மாற்றிக்கொண்டேன். புதிதாக வளர்ப்பவர் நிறத்தைக் காட்டிலும், பாம்பு ஒழுங்காக இரை எடுக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வளர்ப்பகத்தில் பொரித்த குட்டிதானா என்று கேட்டு, உறையவைத்து இளக்கிய எலிக்குஞ்சை அது உண்பதை நேரில் பார்த்த பின்னரே நான் பணம் கொடுத்தேன்.

தவறும் செய்தேன். இரண்டாம் மாதத்தில், இரை கொடுத்த மறுநாளே ஆசையால் அதைக் கையில் எடுத்தேன். அன்றிரவே பாதி செரித்த எலிக்குஞ்சைக் கக்கிவிட்டது. பத்து நாள் இரை கொடுக்காமல் விட்டு, பிறகு வழக்கத்தைவிடச் சிறிய குஞ்சிலிருந்து மீண்டும் தொடங்கினேன். அதன் பிறகு, இரை எடுத்த 48 மணி நேரத்துக்கு அதைத் தொடுவதே இல்லை.

செலவைக் குறைக்கக் கூடாத இடங்கள் இரண்டு: சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், பூட்டக்கூடிய மூடி. தொட்டியின் ஒரு பக்கம் 29 டிகிரி செல்சியஸ் அளவிலும் மறுபக்கம் அதைவிடக் குளிர்ந்தும் இருந்தால், தனக்கு வேண்டிய சூட்டைப் பாம்பே தேடிக்கொள்ளும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள ஓரிடம் அவசியம். தெர்மோஸ்டாட் இல்லாத சூட்டுப்பாய் அதன் வயிற்றைச் சுட்டுவிடும்.

சட்டை உரிப்பதற்குச் சில நாட்கள் முன்பு கண்கள் பால்நீலமாக மங்கும். அப்போது தொந்தரவு செய்யாமல் விட்டுவிடுவேன். உரித்த சட்டையின் தலைப்பகுதியை வெளிச்சத்தில் பிடித்து, கண்களை மூடியிருந்த இரண்டு வட்டச் சவ்வுகளும் அதனுடனேயே வந்துள்ளனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். ஒருமுறை மட்டும் ஒன்று கண்ணிலேயே தங்கிவிட்டது. பிய்த்தெடுக்க முயலாமல் ஈரப்பதத்தைக் கூட்டி வைத்தேன், அடுத்த உரிப்பில் தானாக வந்துவிட்டது.

நன்றாகப் பராமரித்தால் இது 15 முதல் 20 ஆண்டுகள் வரை வாழும். குழந்தையின் ஆசைக்காக வாங்குவோர், அந்தக் குழந்தை கல்லூரிக்குப் போன பின்னும் வீட்டு உறைபெட்டியில் எலிகள் இருக்கும் என்பதற்கு வீட்டார் அனைவரின் சம்மதத்தையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள்.