அணிக் கணிதம்: லைப்ரரியா, வரைபடத்தாளா?

நீலகிரி மலை ரயிலைக் கணினித் திரையில் முப்பரிமாணத்தில் ஓடவிடும் ஆசையில்தான் குன்னூரில் உட்கார்ந்து அணிகளைப் (matrix, எண்களைக் கட்டமாக அடுக்கியது) படிக்கத் தொடங்கினேன். ஒரு பொருளைத் திருப்புவது, நகர்த்துவது ஒவ்வொன்றையும் ஓர் அணியாக எழுதலாம்; அணிகளைப் பெருக்கினால் அந்த மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். எதிரே மூன்று வழிகள் இருந்தன. பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்திலிருந்து முறையாக ஏறுவது; திரீ.ஜேஎஸ் (Three.js) போன்ற, முப்பரிமாணப் படம் வரைய ஏற்கெனவே எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பான லைப்ரரியில் நேரே இறங்குவது. வரைபடத்தாளில் கையால் போட்டுப் பார்த்து, அணிகளைப் பெருக்கும் புரோகிராமையும் நாமே எழுதுவது. நான் மூன்றாவதை எடுத்தேன். புதிதாக வருகிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

புத்தக வழியில் வரும் அணிக்கோவையும் (determinant), சமன்பாடுகளைத் தீர்க்கும் கிராமர் விதியும் தேர்வுக்கு உதவும். ரயில் பெட்டியைத் திருப்பி நிறுத்த உதவாது. ஓர் அணி செய்ததை அப்படியே திருப்பிவிடும் நேர்மாறு அணி மட்டும் விதிவிலக்கு. கேமராவை வலப்பக்கம் நகர்த்துவதும் உலகத்தை இடப்பக்கம் நகர்த்துவதும் திரையில் ஒன்றுதான். ஆகவே கேமராவின் அணிக்கு நேர்மாறுதான் பார்வை அணி. அந்தக் கட்டம் வரும்போது அந்தப் பாடத்தைப் புரட்டினால் போதும்.

லைப்ரரியில் வேகம் உண்டு. இடம், சுழற்சி, அளவு மூன்றையும் கொடுத்தால் அணியை அதுவே கட்டிக்கொள்ளும். வேலைக்கு அவசரம் என்பவர்கள் அதில் இறங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் படம் தவறாக வரும்போது தவறு எங்கே என்று பிடிக்க முடிகிறதா? என் தேர்வை முடிவுசெய்தது இந்த ஒரு கேள்விதான். அணிகளைத் தவறான வரிசையில் பெருக்கினால் கணினி எந்தப் பிழைச் செய்தியும் தராது. திரை வெறுமையாக இருக்கும், அல்லது பெட்டி அந்தரத்தில் நிற்கும்.

கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல்சக்கரப் பாதையின் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1, அதாவது சுமார் 4.76 பாகை. பெட்டியை அவ்வளவு சாய்த்துவிட்டுப் பிறகு 120 மீட்டர் முன்னே நகர்த்தினால், அது 120-ஆவது மீட்டரில் சாய்ந்து நிற்கும். முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு சாய்த்தால், சுழற்சி ஆதிப்புள்ளியை, அதாவது அளவு தொடங்கும் பூஜ்யப் புள்ளியை, சுற்றி நடக்கும். பெட்டி ஏறக்குறைய 10 மீட்டர் மேலே போய்விடும். அணிகள் அதே இரண்டுதான், பெருக்கிய வரிசைதான் வேறு. புள்ளியை நிரலாக (column, மேலிருந்து கீழாக) எழுதும் முறையில் வலது ஓரத்தில் இருக்கும் அணியே முதலில் வேலை செய்கிறது. தாளில் இதைப் போட்டுப் பார்த்தவர், அந்த 10 மீட்டரைக் கண்டவுடனேயே வரிசையைச் சந்தேகிப்பார்.

தாளில் தொடங்குவது கடினமும் இல்லை. 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்பினால் (1, 0) எங்கே போகிறது? (0, 1)-க்கு. (0, 1) எங்கே போகிறது? (-1, 0)-க்கு. இந்த இரண்டு விடைகளையும் இரண்டு நிரல்களாக எழுதினால் சுழற்சி அணி தயார். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் 2×2 அணியால் எதையும் நகர்த்த முடியாது, ஏனென்றால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான், ஆதிப்புள்ளி அசையாது. அதற்காகத்தான் ஒவ்வொரு புள்ளியோடும் 1 என்ற ஆயம் (coordinate) ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து 3×3-க்குப் போகிறோம். முப்பரிமாணத்தில் அது 4×4 ஆகிறது. இப்படி எழுதுவதைச் சமபடித்தான ஆயங்கள் என்பார்கள்; ஜெர்மன் கணித அறிஞர் மோபியஸ் இவற்றை 1827-இலேயே எழுதிவிட்டார்.

இவ்வளவும் கைவந்த பிறகு லைப்ரரியின் விசித்திரங்கள் மிரட்டுவதில்லை. திரீ.ஜேஎஸ்ஸில் அணியின் எண்களை நிரை (row, இடமிருந்து வலம்) வரிசையில் கொடுக்கிறோம். உள்ளே அது நிரல் வரிசையில் சேமிக்கிறது. சொந்தமாகப் பெருக்கல் எழுதியவருக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். மழையில் கரண்ட் போகும் மலை ஊரில் தாளும் பென்சிலும் போதும் என்பது சின்ன வசதியும் அல்ல.

சுழற்சியை நான்கு எண்களால் எழுதும் குவாட்டர்னியன் பக்கம் போனால் கைக்கணக்கு நீண்டு அலுப்பூட்டும். அங்கே நானும் லைப்ரரியைத்தான் நம்புகிறேன். பெரிய விளையாட்டு எஞ்சின்களில் குழுவாக வேலை செய்பவர்களுக்கு இதே வழி பொருந்துமா என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை. தனியாகக் கற்பவர்கள், பெட்டியின் அணியையும் அதன் சக்கரத்தின் அணியையும் ஒருமுறையாவது கையால் பெருக்கிப் பார்த்துவிட்டு லைப்ரரியைத் திறக்கட்டும்.