புத்தக வடிவமைப்பு மேசையில் பிளாட்பேக்: இரண்டு ஆண்டு அனுபவம்

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தின் மாடியில் புத்தகம் வடிவமைக்கிறேன். கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம். 2023-இல் வெளியானபோது இருந்த செயலிப் பதிப்புகளையே, திருத்தங்களை மட்டும் சேர்த்து, வைத்திருக்கும். புதிய பதிப்பில் சேமித்த கோப்பு வந்தால் பக்கம் குலையும். அதனால்தான், செயலிகளை இயங்குதளத்திலிருந்து பிரித்து நிறுவி, தனிக் கூண்டுக்குள் ஓட்டும் பிளாட்பேக்குக்குப் போனேன். அடித்தளத்தைத் தொடாமல் புதிய பதிப்பு கிடைத்தது; அதில் குறையே இல்லை. தமிழ் எழுத்துருக்கள் உள்ளே தெரியுமா என்று பயந்ததும் வீண்.

வட்டில் இடம் மட்டும் தாராளமாகத் தின்னும். சின்னச் செயலிக்கும் அது ஓடத் தேவையான அடிப்படை நிரல்தொகுப்பு, அதாவது ரன்டைம், சில நூறு எம்பி. ஒரே ரன்டைமைப் பல செயலிகள் பகிரும், உண்மைதான். என்னிடம் இருந்தவை ஆளுக்கொரு பதிப்பைக் கேட்டன. மிக்ஜாம் புயலுக்குப் பின் கேபிள் இணையம் திரும்பும்வரை கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். ஒருநாள் டேட்டா முழுவதையும் ஒரே புதுப்பிப்பு விழுங்கியது.

உண்மையான தொல்லை வேறு. ஒரு நூலாசிரியர் எச்டிஎம்எல் கோப்பும் படக் கோப்புறையும் அனுப்பினார். பிளாட்பேக்கில் நிறுவிய உலாவியில் எழுத்து வந்தது, படம் ஒன்றுகூட வரவில்லை. "ஐயா, படங்களை விட்டுவிட்டீர்களே" என்று தொலைபேசியில் சொன்னேன். பாவம், இரண்டு முறை மறுபடி அனுப்பினார். பிறகுதான் முகவரிப் பட்டையைக் கவனித்தேன்: என் கோப்புறையின் பெயரே அங்கில்லை, 'ரன்', 'யூசர்', 'டாக்' என்று வேறொரு பாதை. கூண்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே காவல் நிற்கும் போர்ட்டல், நான் சுட்டிய ஒரே கோப்பைத்தான் கம்பிக் கதவு வழியாக உள்ளே நீட்டியிருக்கிறது. பக்கத்திலிருந்த படங்கள் வெளியே நின்றன.

இவ்வளவு கறாரா என்று, செயலிகளின் அனுமதிகளைக் காட்டி மாற்றவும் விடும் ஃபிளாட்சீலைத் திறந்தால், மூன்று செயலிகளுக்கு என் கோப்புகள் அனைத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி! தொகுத்தவரே கொடுத்துவைத்தது. நிறுவும்போது டெர்மினல் பட்டியலிட்டிருக்கும். நான் சம்மதம் தட்டிவிட்டுக் காபிக்குப் போயிருப்பேன். போதாக்குறைக்கு, ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய முறையான எக்ஸ்11 அமர்வில் ஓடும் செயலியால் மற்ற ஜன்னல்களில் தட்டுவதையும் கவனிக்க முடியும். அதனால் அதற்கு மாற்றாக வந்த புதிய முறையான வேலண்டுக்கு மாறினேன்.

இப்போது முன்பின் தெரியாதவர்களின் பிடிஎஃப்களைத் திறக்கும் செயலிக்கு இணையத்தைத் துண்டித்திருக்கிறேன். வடிவமைப்புச் செயலிக்கு 'புத்தகங்கள்' கோப்புறை மட்டும். இணைக்கும் படங்களும் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். பென் டிரைவுடன் வருபவர்களிடம், "முதலில் எல்லாவற்றையும் இதற்குள் போட்டுவிடுங்கள்" என்கிறேன். பிழைதிருத்த வரும் அண்ணன் இன்னும் முகம் சுளிக்கிறார்.