விஎஃப்எக்ஸ் கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் நான் சேர்ந்து படித்த, விஎஃப்எக்ஸ் (சினிமாவுக்கான காட்சி ஜாலங்கள்) சொல்லித்தரும் ஒரு பயிற்சி நிறுவனம். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. "பிராக்டிகல், டிஜிட்டல் இரண்டும் ஒரே கோர்ஸில், 100% வேலை உறுதி" என்று விளம்பரம். கட்டணம் 2.25 லட்சம்.

பிராக்டிகல் வகுப்பில்தான், அதாவது கணினி இல்லாமல் கையாலேயே செய்யும் வேலைக்கான வகுப்பில்தான், முதலில் குட்டு வெளிப்பட்டது. சிலிக்கோன் ரப்பரில் போலி வெட்டுக்காயம் செய்வது அன்றைய பாடம். பிளாட்டினம் வகை சிலிக்கோனை லேடெக்ஸ் கையுறை மாட்டிக்கொண்டு கலக்கச் சொன்னார் பயிற்றுநர். மறுநாள் பார்த்தால் பிசுபிசுவென்று அப்படியே கிடந்தது. "சென்னை ஈரப்பதம்பா" என்றார். ஈரப்பதமும் இல்லை, ஒன்றும் இல்லை. லேடெக்ஸ் பட்டாலே அந்தச் சிலிக்கோன் இறுகாது. கந்தகம் கலந்த களிமண்ணில் ஊற்றினாலும் இதே கதிதான். பொருளோடு வரும் குறிப்பைப் படித்தவருக்கே தெரியும் விஷயம் இது.

அடுத்தது இதைவிட மோசம். உடம்பில் அச்செடுக்கப் பயன்படும் ஆல்ஜினேட் பொடி தீர்ந்துவிட்டது என்று, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைத்த வாளியில் ஒரு பையனின் கையை நேரடியாக முக்கச் சொன்னார். பிளாஸ்டர் இறுகும்போது தோல் வெந்துபோகும் அளவுக்குச் சூடேறும், கையை உருவவும் முடியாது. 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி இப்படிச் செய்து விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்திருக்கிறார். நாங்கள் சண்டை போட்டுத்தான் அதை நிறுத்தினோம்.

டிஜிட்டலுக்கு வருவோம். "மென்பொருள் உரிமம்" என்று தனியாக 18,000 ரூபாய் வாங்கினார்கள். கணினியில் இருந்தது காட்சிகளை ஒன்றுசேர்க்கும் நியூக் மென்பொருளின் நான்-கமர்ஷியல் பதிப்பும், நெருப்பு, புகை மாதிரி விளைவுகள் செய்யும் ஹூடினியின் அப்ரென்டிஸ் பதிப்பும். இரண்டையுமே யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எல்லோருக்கும் இலவசமான பிளெண்டர் என்ற 3டி மென்பொருளுக்கும் சேர்த்துக் காசு வாங்காமல் விட்டார்களே, அதுவரை சரி.

வேலை தேடும்போது காட்டும் மாதிரி வீடியோவான ஷோரீலுக்கு எல்லோருக்கும் ஒரே கிரீன் மேட் (பச்சைத் திரை முன் எடுத்த) ஷாட்டுகள். ஸ்டூடியோவில் நேர்காணல் எடுத்தவர் பாதியிலேயே நிறுத்தி, "இதே ஷாட் போன வாரமும் வந்துச்சே" என்றார். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? "உறுதியான வேலை" என்று அவர்கள் சொன்னது, சம்பளமில்லாமல் ரோட்டோ போடும் (ஒவ்வொரு ஃபிரேமிலும் உருவத்தின் ஓரத்தை வரைந்து பிரிக்கும்) இன்டர்ன்ஷிப்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். "மாதத் தவணை" என்று டேப்லெட்டில் கையெழுத்து வாங்கினார்களே, அது தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன். முழுத் தொகையும் அன்றே அவர்கள் கைக்குப் போய்விட்டது. வகுப்பு நின்றாலும் இஎம்ஐ நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். அதனால் சேரும் முன், கடன் கொடுப்பது யார், பாதியில் விலகினால் பணம் எப்படித் திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். பழைய மாணவர்களின் ரீல் என்று காட்டினால், அந்த ஷாட்டின் மூலக் காட்சியையும் நியூக் ஸ்கிரிப்டையும் (அதைச் செய்த வேலைக் கோப்பை) திறந்து காட்டச் சொல்லுங்கள். எங்களுக்குக் காட்டிய ரீல் எந்த மாணவரும் செய்ததில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். இதே கடன் ஒப்பந்தத்தில் மாட்டியவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள், புகாரின் நகலைத் தருகிறேன்.