வார்ப்பா, நிஞ்ஜா ட்யூனா?

எலக்ட்ரானிக் இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது என்று யாராவது கேட்டால், பிரிட்டனின் இரண்டு சுயேச்சை லேபிள்களை, அதாவது இசைத்தட்டு வெளியிடும் நிறுவனங்களைத்தான் சொல்வேன். ஒன்று, 1989இல் ஷெஃபீல்டில் தொடங்கிய வார்ப். இன்னொன்று, அடுத்த ஆண்டு லண்டனில் தொடங்கிய நிஞ்ஜா ட்யூன். வயது ஏறக்குறைய ஒன்றுதான், குணம் அடியோடு வேறு.

வார்ப் ஒரு இசைத்தட்டுக் கடையிலிருந்து பிறந்தது. முதலில் வெளியிட்டதெல்லாம் கிளப்பில் ஆடுவதற்கான இசை. எல்எஃப்ஓ என்ற இருவர் குழுவின் தட்டு 1990இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம் வரை போனது. அந்த வழியிலேயே காசு பார்த்திருக்கலாம். ஆனால் 1992இல் வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கென்று 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அட்டையில் ஒரு ரோபோ சாய்வு நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறது. தரையில் பிங்க் ஃப்ளாய்ட், கிராஃப்ட்வெர்க் என்ற பழைய குழுக்களின் தட்டுகள். சொல்ல வந்ததை அந்தப் படமே சொல்லிவிட்டது. ஏஃபெக்ஸ் ட்வின் என்ற இசைக்கலைஞர் வேறொரு பெயரில் அதில் இருந்தார். ஆட்டெக்கர் என்ற இருவர் குழுவும் இருந்தது.

நிஞ்ஜா ட்யூனைத் தொடங்கிய மேட் பிளாக்கும் ஜோனதன் மோரும் கோல்ட்கட் என்ற பெயரில் அதற்குள் ஹிட் கொடுத்தவர்கள். பெரிய கம்பெனிகளின் கெடுபிடி ஒத்துவராமல், நினைத்ததை நினைத்த பெயரில் வெளியிடச் சொந்த லேபிள் வைத்தார்கள். டிஜே ஃபுட் என்ற பெயரில் வந்த ஆரம்பத் தட்டுகள், மற்ற டிஜேக்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்கான தாளத் துண்டுகள். ஆகவே இங்கே எல்லாம் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிளையும் பழைய ஜாஸ் தட்டுகளையும் சுற்றியே வளர்ந்தது. கிட் கோலா என்ற டிஜே ஊசிக்கு அடியில் ஒரே ஒரு ட்ரம்பெட் ஸ்வரத்தைத் தள்ளியும் இழுத்தும், குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒருவரின் வாசிப்பாகவே மாற்றுவதைக் கேட்டால், டர்ன்டேபிளை வாத்தியம் என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியாது.

தொண்ணூறுகளில் நிஞ்ஜா ட்யூன் வெளியிட்டதில் கணிசமான பகுதி இன்று ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. சோம்பலான தாளம், அதன் மேல் ஒரு ஜாஸ் துணுக்கு. அமோன் டோபின் என்ற கலைஞர் விதிவிலக்கு. பழைய தட்டுகளிலிருந்து ஒலித் துண்டுகளை எடுத்துத் தைத்துவந்தவர், 2007இன் 'ஃபோலி ரூம்' ஆல்பத்துக்கு மைக்கோடு வெளியே போய் ஒலிகளைப் பிடித்துவந்து இசையாக்கினார்.

உச்சங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் வார்ப்புக்குத்தான் என் ஓட்டு. போர்ட்ஸ் ஆஃப் கனடா என்ற குழுவின் 1998 ஆல்பத்தில் சுருதி லேசாக அலைந்துகொண்டே இருக்கும், தேய்ந்த டேப் ஓடுவதைப் போல. நடுநடுவே குழந்தைகளின் குரல். இப்படியொரு ஏக்கத்தை எந்திரத்திலிருந்து வேறு யாரும் எனக்கு எடுத்துத் தந்ததில்லை. வார்ப்பிடம் பொறுமையும் உண்டு. ஏஃபெக்ஸ் ட்வின் பெயரில் 2001க்குப் பிறகு அடுத்த ஆல்பம் 2014இல்தான் வந்தது. அந்த 'சைரோ'வின் அட்டை, ஆல்பத்துக்கு ஆன செலவுக் கணக்கை வரிவரியாக அச்சிட்ட ஒரு பில். கலைஞரும் லேபிளும் ஒருவரையொருவர் நம்பினால்தான் இதெல்லாம் நடக்கும்.

ஆனால் புதியவர்களுக்கு இடம் கொடுப்பதில் நிஞ்ஜா ட்யூன் ஒரு படி மேல். ராப் இசைக்கென்று 1997இல் பிக் டாடா என்ற கிளை லேபிளைத் திறந்தார்கள். அதிலிருந்து ஸ்பீச் டெபெல் 2009இலும், யங் ஃபாதர்ஸ் 2014இலும் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பிரிட்டனின் மெர்க்குரி பரிசை வென்றார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் இசைக்கலைஞர் ஃப்ளையிங் லோட்டஸ் விஷயம் இன்னும் சுவாரசியமானது. தன் பெரிய ஆல்பங்களை வார்ப்பில் வெளியிட்டவர், மற்றவர்களுக்காகத் தான் நடத்தும் பிரெய்ன்ஃபீடர் லேபிளுக்கு நிஞ்ஜா ட்யூனைக் கூட்டாளியாக்கிக்கொண்டார். இரண்டின் பலத்தையும் அவர் சரியாகவே எடைபோட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

சரி, கேட்க ஆரம்பிப்பவர் எதை எடுப்பது? பாட்டும் நிஜ வாத்தியங்களும் வேண்டுமென்றால் நிஞ்ஜா ட்யூனிலிருந்து போனோபோவின் 'பிளாக் சாண்ட்ஸ்' ஆல்பம், அப்புறம் சினிமேட்டிக் ஆர்க்கெஸ்ட்ரா குழு. ராத்திரி தனியாக ஹெட்ஃபோனில் கேட்பவர் என்றால் வார்ப்பின் போர்ட்ஸ் ஆஃப் கனடா. ஆட்டெக்கரின் பிற்கால ஆல்பங்களைத் தயவுசெய்து முதலில் தொடாதீர்கள். 1993இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் பிடித்துப்போனால் அந்தப் பக்கம் போகலாம்.